12 வோல்ட்தானே என்ற மெத்தனம்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால், ஒயர்கள் கொத்தாகத் தொங்குவதைச் சர்வசாதாரணமாகக் காணலாம். சொந்தக்காரரிடம் சொன்னால், "வெறும் 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது" என்பார். மிஞ்சினால் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒரு கேபிள் டை போட்டு இறுக்குவார். இந்த நம்பிக்கை வண்டிகளைக் கொளுத்தக்கூடியது, பிரேக்கையும் பறிக்கக்கூடியது.

ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் உடம்புக்குள் மின்சாரத்தைத் தள்ளத்தான் வோல்டேஜ் வேண்டும். ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர். 120 வாட் வேலைக்கு அமெரிக்க வீட்டு மின்சாரத்தில் ஓடுவது 1 ஆம்பியர். அதே வேலைக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடவேண்டும். ஒரே ஒயரில் ஆம்பியர் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்காகும். போதாததற்கு, வண்டியின் சேஸிஸ் இரும்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ். தொங்கும் பாசிட்டிவ் ஒயர் சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி உறை தேய்ந்தால், அந்த இடத்திலேயே ஷார்ட். ஒரு சாதாரண லெட் ஆசிட் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்.

"அதற்குத்தானே ஃபியூஸ்?" என்று கேட்கிறார்கள். ஃபியூஸ் பெரிய ஷார்ட்டைத்தான் தடுக்கும், அதுவும் தனக்குப் பின்னால் உள்ள ஒயரில் மட்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள ஒயருக்குக் காவலே கிடையாது. களிம்பு ஏறிய இணைப்போ ஃபியூஸின் அளவுக்குள்ளேயே ஓடும் கரண்டிலும் சுட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் வடமாநிலச் சாலைகளில் தூவும் உப்பு, டேப்பின் இடுக்கு வழியே நுழைந்து செம்பு இழைகளுக்குள் ஊறிவிடும். மேலே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் தெரியும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது தீகூட அல்ல, பிரேக். இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார பிரேக்தான். முன்வண்டியிலிருந்து வரும் நீல ஒயர் அச்சு வரை போய், டிரம்முக்குள் இருக்கும் காந்தங்களை இயக்குகிறது. பல வண்டிகளில் அது அச்சுக் குழாய்க்குள்ளேயே போகிறது. குலுங்கும்போதெல்லாம் இரும்பில் தேய்கிறது. டெயில் லைட் அணைந்தால் பின்னால் வருபவராவது சொல்வார். ஒரு சக்கரத்தின் பிரேக் ஒயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது, அவசரமாக நிறுத்த வேண்டிய நேரம் வரும்வரை.

தொழிற்சாலையே இப்படித்தான் விட்டிருக்கிறது என்ற சமாதானமும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் இந்த வண்டிகள் வேகவேகமாகத் தயாராகின்றன. ஒயரைத் தொங்கவிட்டது நேரத்தை மிச்சப்படுத்தவே அன்றி, அது போதும் என்று சோதித்துப் பார்த்ததால் அல்ல. படகுகளுக்கான அமெரிக்க ஏ.பி.ஒய்.சி. தரநிலை, ஒயரை 18 அங்குலத்துக்கு ஒரு இடத்திலாவது பிடித்துக் கட்டச் சொல்கிறது. நெடுஞ்சாலையில் குலுங்கும் வண்டிக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்று யார் சொல்ல முடியும்?

கேபிள் டை மட்டும் இதற்கு உதவாது. வெள்ளை நைலான் டை வெயிலில் மொறுமொறுத்து ஒடிந்துவிடும். கறுப்பு டை தாங்கும். ஆனால் கூரான இரும்பு விளிம்போடு சேர்த்து இறுக்கினால் அதுவே ஒயரை அறுக்கும். கைக்கு எட்டுகிறது என்று கேஸ் குழாயிலேயே ஒயரைக் கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். உரசித் தீப்பொறி கிளப்பக்கூடிய ஒன்றை எரிவாயுவோடு சேர்த்துக் கட்டுவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

செய்யவேண்டியது பெரிய செலவு அல்ல. ரப்பர் உறை போட்ட கிளாம்பை சேஸிஸில் திருகிப் பிடிக்க வேண்டும். ஒயர் முழுவதும் நெளிவுக் குழாய், இரும்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், இணைப்புக்குப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

கிளம்பும் முன் ஒரு சோதனையும் வேண்டும். டிரெய்லரின் ஏழு முனை பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரெய்லர் தனியே கழன்றுவிட்டால் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சின் பின்னை இழுத்து, வண்டியை மெதுவாக முன்னே நகர்த்திப் பாருங்கள். பிரேக் பிடித்து டிரெய்லர் முரண்ட வேண்டும். சக்கரங்கள் தாராளமாகச் சுற்றினால், கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்த டிரெய்லரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.