செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்களா? வாய் வார்த்தை கோர்ட்டில் நிக்காது!

மங்கலம்பேட்டை:
புது கார் பலருக்கு எட்டாக்கனி. விருத்தாசலம், மங்கலம்பேட்டை, உளுந்தூர்பேட்டை பக்கம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கண் போவது செகண்ட் ஹேண்ட் கார் மேல்தான். "ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்று அடித்து விடுவார் புரோக்கர். (எல்லா பழைய காரையும் டாக்டர்தான் ஓட்டியிருப்பார் போல!) பணம் கைமாறிய பிறகு கியர் பாக்ஸ் படுத்தால், "பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குனீங்க?" என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய காருக்கு இத்தனை மாதம் வாரண்டி தந்தே ஆகணும் என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. இதுதான் பெரிய ஓட்டை. சிங்கப்பூரில் 2012 முதல் நிலைமை வேறு. டெலிவரி எடுத்து 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரி பாடு. பழைய காருக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1-ல் புது விதி அமலுக்கு வந்தது. பழைய கார் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கணும். 5 ஆண்டுக்குச் செல்லும். ஓனர் வண்டியை ஒப்படைத்து ஆன்லைனில் தகவல் கொடுத்துவிட்டால், அப்புறம் டீலர்தான் ஓனர் கணக்கு. ஆனால் இந்த விதி பார்ப்பது பேப்பரை. என்ஜினை அல்ல!

விற்கிறவர்களுக்கு இது முக்கியம். 2007-ல் ஒருவர் காரை விற்றார். கார் கைமாறிக் கைமாறி, 2009-ல் விபத்தில் ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை. நஷ்டஈடு கட்ட வேண்டியது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. விற்று 2 வருஷம் ஆன வண்டிக்கு!

சரி, ஏமாந்தவருக்கு என்ன வழி? டீலர் கோளாறை மறைத்து விற்றிருந்தால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருஷத்துக்குள் போகணும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. சொந்தமாக ஓட்டிப் பிழைக்க டாக்சி வாங்கியவரும் நுகர்வோர்தான். ஆனால் அங்கே முதலில் கேட்பது ரசீதை. கிலோ மீட்டர், விபத்து விவரம், லோன் பாக்கி, என்ஜினுக்கு எத்தனை நாள் பொறுப்பு... எல்லாவற்றையும் டீலரின் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். சந்தேகம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.