ஆயில் எங்கிருந்து வருகிறது?

நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போய், "அண்ணா, வண்டிக்கு அடியில ஆயில் சொட்டுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மெக்கானிக் உடனே அடியில் படுத்து, சொட்டும் இடத்தைத் துடைத்து, கசிவை அடைக்கும் பேஸ்டைப் பிதுக்கி அப்பிவிட்டு எழுந்து வருவார். இன்னொருவர் ஸ்பேனரையே தொடமாட்டார். "மொதல்ல இன்ஜினைக் கழுவிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்பார். இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

பக்கத்திலுள்ள திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சங்ககிரிக்கு லாரிதான் பிழைப்பு. தென்மாநிலங்களில் சமையல் எரிவாயு ஏற்றிப் போகும் டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது. இன்ஜினை நம்பியே சோறு உண்ணும் ஊர்களில் ஆயில் கசிவைக் கண்டுபிடிக்கும் கைப்பக்குவம் சாதாரண விஷயமில்லை.

ஆயில் கசியும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. மேலே டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து வெடித்திருக்கும். அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் மேலேயே வழிந்து, ஃபேன் காற்றிலும் ஓட்டக் காற்றிலும் பின்னால் தள்ளப்பட்டு, கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங் ஓரத்தில் சேர்ந்து சொட்டும். அடியிலிருந்து பார்க்கிறவருக்கு கிராங்கின் பின்பக்க ஆயில் சீல்தான் போய்விட்டது என்று தோன்றும். அந்த சீலை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலை எடுக்க வேண்டும். லோடு போய், கூலி போய், அத்தனையும் முடிந்து வண்டியை எடுத்தால் மறுபடியும் அதே இடத்தில் சொட்டும்.

சங்ககிரிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு சிலிண்டர் இன்ஜின், பக்கவாட்டு முழுக்கக் கரி பிடித்த பிசுக்கு. டீசலும் பிரஷும் வைத்துக் கழுவி, கம்ப்ரசர் காற்றால் மூலை முடுக்கெல்லாம் ஊதிக் காயவைத்தார். பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் தூவினார். இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை டார்ச்சுடன் காத்திருந்தார். வெள்ளைப் பவுடர் மேல் நூல் போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயர் மாட்டும் முனையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் அளவுள்ள பொருள். அதை மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். "இதுக்குப் போயி கியர் பாக்ஸை இறக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் டிரைவரிடம்.

கேட்டதற்கு இன்னும் சில குறிப்புகள் சொன்னார். ஓடும்போது மட்டும் கசிந்தால் பிரஷர் போகும் வழியைப் பார். நின்ற பின்னும் சீராகச் சொட்டினால் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் பேக்கிங்கையும் டிரெயின் போல்ட் வாஷரையும் பார். விரலில் தொட்டு மோந்து பார். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், இன்ஜினைக் குறை சொல்லாதே.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பிரீத்தர். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறும் வழி பிரீத்தர். அது அடைத்துக்கொண்டாலோ, ரிங் தேய்ந்து வாயு அதிகமானாலோ உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் சில நாளில் அதே கதைதான். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும் பவர் வீடரின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்கும் இது பொருந்தும்.

பேஸ்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அளவாகப் பூச வேண்டிய இடங்கள் உண்டு, கம்பெனியே சொல்லும். அள்ளி அப்பினால், போல்ட்டை முடுக்கும்போது மிச்சம் உள்பக்கமும் பிதுங்கும். அது பிய்ந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்தால் பேரிங் தேய்ந்து இன்ஜினே போகும். சொட்டு ஆயிலை நிறுத்தப் போய் கிராங்க் ஷாஃப்டைப் பலி கொடுப்பதா?

கசிவை அப்படியே விட்டு ஓட்டுவதும் தவறு. பின்பக்க சீல் நிஜமாகவே போய் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால், தருமபுரிக்கு லோடோடு தொப்பூர் மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கும். சூடான டர்போ மேல் ஆயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். பின்னால் இருப்பது கேஸ் டேங்கர் என்றால் சொல்லவே வேண்டாம். சாலையில் சொட்டியது முதல் மழையில் பைக்கில் வருபவரைச் சறுக்கி விழவைக்கும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்ஜினைக் கழுவச் சொல்லுங்கள், பவுடர் தூவி ஓடவிடச் சொல்லுங்கள், பிரீத்தரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கசியும் இடத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். அரை நாள் செலவழித்துத் தேடித் தருகிற மெக்கானிக்குக்கு, தேடியதற்கும் கூலி கொடுங்கள்.