கடலுக்கடியில் பொய் செல்லாது!

பசிபிக் கடலில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பலாவ்னு ஒரு தீவு நாடு. 1944-ல் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள், பவளப்பாறைகள், சரவிளக்குபோல் சுண்ணாம்புக்கல் தொங்கும் கடல் குகை... முதுகில் காற்று சிலிண்டரோடு முங்கி, இதையெல்லாம் பார்க்க உங்களுக்கும் ஆசையா? தாராளமா போங்க. ஆனா, முங்குவதற்கு முன்னால் ஒரு ஃபாரம் நீட்டுவாங்க. அதில் பொய் எழுதாதீங்க!

'ஆஸ்துமா உண்டா? வலிப்பு? இதயநோய்?' - எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடுகிறவர்கள் உண்டு. 'பணம் கட்டியாச்சே' என்ற கவலைதான்!

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால், வெளியேற வழியில்லாத காற்று நுரையீரலையே கிழித்துவிடலாம். குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சாதாரண ஜலதோஷம் இருந்தாலும் காது ஜவ்வு கிழியலாம்.

அதிலும் கப்பலுக்குள்ளே, குகைக்குள்ளே தலைக்கு மேல் கூரை. திணறினால் நேரே மேலே வர முடியாது. தனிப் பயிற்சி இல்லாமல் உள்ளே நுழையவே கூடாது.

எனவே, டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரிடம் காட்டுங்க. 'இப்போ வேண்டாம்' என்றால் கேட்டுக்கோங்க. அந்தக் கப்பல்கள் 1944-லிருந்து அங்கேயேதான் கிடக்கின்றன. நீங்க குணமாகிப் போகிறவரை காத்திருக்கும்!