டிஸ்ப்ளே போச்சாம்ல!

மக்களே, இது ஒரு கோபப் பதிவு.

எங்கள் கம்பைநல்லூர் வீட்டில் தம்பி என் லேப்டாப்பை டிவியில் மாட்டிப் படம் பார்த்தான். டிவியில் படம் ஜோராக வந்தது. வயரைப் பிடுங்கினால் லேப்டாப் திரை கும்மிருட்டு! மறுநாள் பஸ் பிடித்துத் தருமபுரி போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார், மூடினார். "டிஸ்ப்ளே போச்சு தம்பி, 4500 ஆகும்." அரை நிமிடத்தில் தீர்ப்பு. எங்க அப்பாவுக்கு அது எத்தனை நாள் கூலி தெரியுமா?

கொடுக்காமல் திரும்பி வந்து, சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். தம்பி 'இரண்டாம் திரை மட்டும்' என்று வைத்திருக்கிறான். வயரைக் கழற்றினால் பொதுவாகத் தானாகத் திரும்பிவிடும். டிரைவர் குழம்பினால் திரும்பாது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்புறம் விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பிரிண்ட்டுக்கு வரும் பி-யை (P) இரண்டு தட்டு, என்டர். வராவிட்டால் மறுபடி. எனக்கு மூன்றாம் முறை வந்தது.

நிஜமாகவே பேக்லைட் போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு மொபைல் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தால் போதும், படம் மங்கலாகத் தெரியும். இதைக்கூடப் பார்க்காமல் விலை சொல்வதற்குப் பெயர் ரிப்பேரா?

அந்த விண்டோஸ்+பி வசதி 2009-ல் விண்டோஸ் 7-லேயே வந்துவிட்டது. அரசு 2011 முதல் லட்சக்கணக்கில் இலவச லேப்டாப் கொடுத்தது. எங்கள் வகுப்பில் இதைச் சொல்லித்தர ஒரு பீரியட் கிடைக்கவில்லை. கடைக்காரருக்கு அது நல்ல வசதி!

எனக்கு நஷ்டம் பஸ் காசு மட்டும். தம்பிக்கு இன்னும் லேப்டாப் தரவில்லை :)