ஐப்பசித் துணியின் வாடை

ஐப்பசி பிறந்து நான்கு நாள் விடாமல் தூறினால் போதும், சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் மாடிப்படி எங்கும் ஒரே புலம்பல்தான்: "துவைச்ச துணிதாங்க, ஆனா நாறுது." கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் ஒன்றரை நாள் தொங்கவிட்டு, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்த பள்ளிச் சீருடை. காலையில் பிள்ளை போட்டுக்கொண்டு கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து நிற்கும்போது நனைந்த சாக்குபோல ஒரு வாடை அடிக்கும். மறுநாள் சோப்புத்தூள் இன்னொரு கரண்டி கூடும், வாசனைத் திரவம் இன்னொரு மூடி கூடும். வாடை அப்படியே இருக்க, அதன்மேல் செயற்கை மல்லிகை மணமும் ஏறிக்கொள்ளும்.

இதைத் தங்கள் கைக்குறையாக நினைத்து மருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் யாராவது பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்களோ என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: துணிக்கு மணம் போதாமல் இந்த வாடை வருவதில்லை. துணியை விட்டுப் போக வேண்டிய ஒன்று போகாமல் உள்ளேயே தங்கிவிடுவதால் வருகிறது. அது என்னவென்று தெரிந்துவிட்டால், எதைச் செய்வது, எதை விடுவது என்பது தானாக விளங்கும்.

வியர்வையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறோம். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு வாடை அனேகமாகக் கிடையாது. தோலிலிருந்து ஓயாமல் கசியும் எண்ணெய்ப்பசையும் உதிரும் தோல் துகளும்தான் விஷயம். இவை நூலிழைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். வெறும் தண்ணீருக்கு அசையாது. துவைத்தபின் மிஞ்சும் பசையைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை கழிவாக விடும் சிறு சிறு அமிலங்கள்தான் மூக்கில் ஏறுகின்றன. தலையணை உறையில் வருவதற்கு நம்மிடம் 'சிக்கு வாடை' என்று தனிப் பெயரே உண்டு. அது எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போன வாடை. மழைக்காலத்து ஈரவாடை வேறு, அதில் நுண்ணுயிரின் கை ஓங்கியிருக்கும். பீரோ மூலையில் கறுப்புப் புள்ளியோடு வருவது பூஞ்சை. பெயர்கள் வேறானாலும் மூன்றும் பிழைப்பது மிஞ்சிய அழுக்கிலும் விலகாத ஈரத்திலும்தான்.

ஈரவாடைக்குக் காரணமான ஆளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அடையாளம் காட்டினார்கள். மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா அது. வீட்டுக்குள் அறைகளிலும் தோலிலும் சாதாரணமாகக் காணப்படுவது. அது உண்டாக்கும் 4-மெத்தில்-3-ஹெக்சீனாயிக் அமிலம் மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு செய்தி. இந்தப் பாக்டீரியா உலர்ச்சியையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகவே தாங்கிக்கொள்கிறது. அதாவது, "ஒரு வெயில் பட்டால் சரியாகிவிடும்" என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. வெயில் துணியைச் சீக்கிரம் உலர்த்துகிறது, அதனால் பாக்டீரியாவுக்குப் பெருகும் அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே இழைக்குள் குடியேறியவை வெயிலிலும் பிழைத்துக் கிடக்கும். மறுபடி ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் சொல்லாத துண்டு, குளித்துவிட்டு முகம் துடைத்ததுமே நாறுவது இதனால்தான். சீருடை காலையில் சும்மா இருந்து சாயங்காலம் நாறுவதும் இதே கதை.

சட்டையில் பாலியஸ்டர் கலந்திருந்தால் சிக்கல் கூடும். 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஆராய்ந்தார்கள். பருத்திச் சட்டைகளைவிட பாலியஸ்டர் சட்டைகளே மோசமாக நாறின. மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் அவற்றில்தான் செழித்தன. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டையையும், டெரிகாட்டன் சீருடையையும், லெகிங்ஸையும் உள்புறம் வெளியே திருப்பிப் போட்டுத் துவைக்கச் சொல்வது இதற்காக. அழுக்கு இருப்பது அந்தப் பக்கம்தானே.

என் பாட்டி ஊரில் சலவைக்குப் போய் வந்த துணியில் இந்த வாடை வந்ததாக நினைவே இல்லை. ஆற்றுத்துறையில் வெள்ளாவி வைப்பதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். உவர்மண் கரைத்துத் தெளிந்த நீரில் துணிகளை நனைத்துப் பிழிவார்கள். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். அதன்மேல் துணிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, மேலே மூடி, இரவெல்லாம் அடுப்பெரிப்பார்கள். விடியற்காலையில் பிரித்தால் ஆவி பறக்கும், தொட முடியாது. பிறகு கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, மணல்மேட்டில் விரித்துக் காயவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட் என்னும் காரம். காரமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய்ப்பசை சோப்பாகவே மாறி நீரோடு போய்விடும். இரவு முழுதும் ஆவியில் வெந்த துணியில் நுண்ணுயிர் நிற்பது கடினம். ஓடும் நீரில் மிச்சம் தங்காது. மணலும் வெயிலும் சில மணி நேரத்தில் உலர்த்திவிடும். இப்போது ஆய்வுக்கூடங்கள் சொல்லும் அத்தனையும் அந்தத் துறையில் நடைமுறையாக இருந்தது. அதைச் செய்தவர்களை நாம் எட்டி நிறுத்தினோம். அவர்கள் கையிலிருந்த அறிவு நம் வீட்டுக்குள் வராமலே போனதும் அதனால்தான்.

இன்றைக்கு நாம் செய்வதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீர், அரை மணி நேரச் சுற்று, திணித்து நிரப்பிய மெஷின். கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கு இது போதும். இழைக்குள் ஊறிய பசைக்குப் போதாது. ஆகவே வாடை பிடித்துவிட்ட துணிக்கு வெள்ளாவியில் பாதியையாவது வாளியில் செய்தாக வேண்டும். நான் செய்வது: அரை வாளி நல்ல சூடான தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, துண்டுகளையும் பருத்தி உள்ளாடைகளையும் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வழக்கம்போலத் துவைப்பது. கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், காரம் தோலை அரிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகவே ஆகாது, அந்த இழைகளையே காரம் கெடுத்துவிடும். சாயம் போகும் துணியையும் சேர்க்காதீர்கள். மெஷினில் சூடேற்றும் வசதி இருந்தால், துணியின் லேபிள் அனுமதிக்கும் பட்சத்தில், துண்டுகளையும் விரிப்புகளையும் 60 டிகிரியில் போடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பலர் ஆப்பச் சோடாவைப் போடுகிறார்கள், சிலர் வினிகர் ஊற்றுகிறார்கள், இரண்டையும் சேர்த்துப் பொங்கவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். ஆப்பச் சோடா மெல்லிய காரம், சலவைச் சோடா அதைவிடப் பல மடங்கு வலியது. நம் வாடை அமிலத்தால் வருவது. காரம் பட்டால் அந்த அமிலம் காற்றில் ஏறாத உப்பாக மாறி நீரில் கரைந்துவிடும், அதனால் ஊறவைக்கச் சலவைச் சோடாவே சரி. வினிகருக்கு வேலை வேறு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சோப்புக்கட்டி போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவு உண்டாகிறதல்லவா, அதைக் கரைக்க அமிலம் உதவும். பழைய துண்டு விறைப்பாகிச் சொரசொரத்தால், கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள்.

குளோரின் பிளீச்சை மட்டும் வினிகரோடோ, கழிவறை கழுவும் அமிலத்தோடோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெளுப்பான் தேவைப்பட்டால் ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் நல்லது. ஆனால் அது சுடுநீரில்தான் முழுதாக வேலை செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் அதுவும் ஆகாது.

சோப்புத்தூளைக் கூட்டுவது ஏன் பலன் தருவதில்லை? அலசிப் போகாத சோப்பும் பசையாகவே இழையில் தங்கிவிடும், அதன்மேல் அழுக்கு இன்னும் எளிதாக ஒட்டும். உங்கள் வீட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, சோப்பு எதுவும் போடாமல் சுடுநீரில் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால், போன வாரத்துச் சோப்பு இன்னும் அதில் இருக்கிறது. வாசனைத் திரவமும் மென்மையாக்கியும் இழையின்மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு பூசித்தான் மிருதுவைத் தருகின்றன. துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்குவதற்கு அதுதான் காரணம். துண்டுக்கும் விளையாட்டுத் துணிக்கும் அதை அடியோடு நிறுத்திவிடுவதே என் பரிந்துரை.

மெஷினையும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக விரித்தபோது கறுத்த வழவழப்பு, ஒரு ஹேர்பின், கசங்கிய ரசீது, இரண்டு நாளாக நின்ற தண்ணீர் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு துவைப்பிலும் துணி அந்த வளையத்தை உரசிக்கொண்டுதான் சுற்றியிருக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்புத்தூள் போடும் தட்டை உருவிக் கழுவி, ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்து, துணி போடாமல் சூடான நீரில் ஒரு சுற்று ஓட்டினேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். துவைத்து முடித்ததும் கதவைச் சாத்தாமல் விட்டுவைக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை உள்ளே புகாதபடி அந்த அறையைப் பூட்டிக்கொள்ளுங்கள். இரவு மெஷினைப் போட்டுவிட்டுக் காலையில் துணி எடுக்கும் வழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். மூடிய தொட்டி, ஈரம், வெதுவெதுப்பு, எட்டு மணி நேரம் என்றால் பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

உலர்த்துவதில் வெப்பத்தைவிடக் காற்றோட்டம் முக்கியம். பிழியும் சுற்றை இன்னொரு முறை ஓட்டினாலே பாதி வேலை குறையும். ஒரு மெஷின் துணியிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் அறையின் காற்றுக்குள்தான் போகிறது. சாத்திய அறையில் அது போக இடமில்லாமல் துணியிலேயே தங்கும். இரண்டு துணிக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். துண்டை இரண்டாக மடித்துத் தொங்கவிடாதீர்கள். ஜீன்ஸின் பையையும் இடுப்புப் பட்டியையும் வெளியே திருப்பிப் போடுங்கள், கடைசியில் காய்வது அவைதான். மேலே சுற்றும் விசிறியைவிட, பக்கவாட்டில் நின்று வீசும் விசிறி துணிகளின் ஊடாகக் காற்றை அனுப்பும். மூட்டம் போட்ட நாளில் இருக்கிற துணி அத்தனையையும் துவைக்காமல், கொடி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் துவைப்பது புத்திசாலித்தனம். அவசரமென்றால் லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிடுங்கள். அந்தச் சூடு நல்ல காவல்.

வெயில் கிடைத்தால் விடவே கூடாது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரத் துண்டு வெயிலில் காயும்போது வரும் அந்தப் புது வாசம் வெறும் கற்பனை இல்லை. கோபன்ஹேகனில் ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் உலர்ந்த துண்டுகளில் மட்டும் பென்டனல், நோனனல் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாவதைக் கண்டார்கள். பூக்களிலும் வாசனைத் திரவியங்களிலும் இருக்கும் வகையைச் சேர்ந்தவை அவை. புட்டியில் விற்கும் எந்த மணத்தைவிடவும் எனக்கு அது உசத்தி.

பீரோவுக்குள் போடும் அந்துருண்டை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. நாப்தலினில் செய்த உருண்டை வைத்த துணியை அப்படியே எடுத்துப் பச்சைக்குழந்தைக்குப் போடக் கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். பரணில் இருக்கும் பழைய தொட்டில் சேலையானாலும் துவைத்து, நன்றாகக் காற்றாடவிட்டுத்தான் கட்ட வேண்டும். பூச்சிக்கு வேப்பிலை, வாசத்துக்கு வெட்டிவேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாடை போய்விட்டதா என்று பார்க்கக் காய்ந்த துணியை முகர்ந்து பயனில்லை. துண்டின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் பொத்திப் பத்து நிமிடம் வைத்திருங்கள். கைச்சூடு ஏறட்டும். பிறகு விரித்து முகருங்கள். ஈரப் பருத்தி வாசம் மட்டும் வந்தால் மடித்து அடுக்கிவிடலாம். அந்தப் பழைய சாக்கு வாடை இலேசாக எட்டிப் பார்த்தால் துண்டு மறுபடி சோடா வாளிக்குப் போகட்டும், இந்த முறை தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடாக.