இலவசப் பாடமும் சங்கத்தின் கடமையும்

நமது சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வாகிய நீட் தேர்வுக்குப் படிக்கும் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சங்கக் கட்டடத்தில் மாலைநேரப் படிப்பறை ஒன்று திறக்கலாமா என்பதே அது. அப்பொழுது மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "பாடமெல்லாம் இப்பொழுது கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்கிறார்கள். காசில்லாமல் கிடைப்பதற்குச் சங்கம் ஏன் காசு செலவிட வேண்டும்?" என்று கேட்டார். பலர் தலையசைத்தனர். யோசனை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. கேள்வி நியாயமானது. அன்று எனக்கு உடனே விடை கூறத் தோன்றவில்லை. ஆதலின் ஆற அமர எண்ணிப் பார்த்து, இங்கே விடை கூற முற்படுகின்றேன்.

முதற்கண், அப்பெரியவர் கூறியதில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தேர்வுக்கு அடிப்படை நூல்கள் எனக் கருதப்படுபவை என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள். இயற்பியலில் நான்கு தொகுதிகள், வேதியியலில் நான்கு, உயிரியலில் இரண்டு, ஆகப் பத்துத் தொகுதிகள். பத்தும் அந்நிறுவனத்தின் இணையத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நமது மாநிலப் பாடநூல்களும் அவ்வாறே தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. மத்தியக் கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2023இல் தொடங்கிய 'சாத்தி' என்னும் தளத்தில் பாடக் காணொளிகளும் மாதிரித் தேர்வுகளும் உள்ளன. இலாப நோக்கின்றி இயங்கும் கான் அகாடமி, அடிப்படைக் கருத்துகளைப் பொறுமையாக விளக்குகின்றது. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை பழைய வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் வெளியிட்டிருக்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் எளிதில் கிட்டாத செல்வம் இன்று குக்கிராமத்துக் குடிசைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றது. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நம் கிடங்கில் நூல் சிப்பங்கள் அடுக்கியிருப்பதைக் கண்டு எவரேனும் சேலை ஆயிற்று என்று கூறுவதுண்டா? பாவு ஓட்ட வேண்டும். கஞ்சி போட வேண்டும். பாவு பிணைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். அதன் பின்னரே நாடா ஓடும். விதை இலவசமாகக் கிடைத்த உழவரும் அன்றே அரிவாளைத் தீட்டத் தொடங்குவதில்லை. பாடம் நூலைப் போன்றது, விதையைப் போன்றது. அது கிடைத்துவிட்டது. கிடைக்காதவை எவை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தேர்வின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள். அவற்றுக்கு 180 நிமிடங்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு 1 குறையும். ஆகவே சரியாக எழுத வேண்டிய இடத்தில் தவறாக எழுதினால் வேறுபாடு 5 மதிப்பெண். நிமிடத்திற்கு ஒரு வினா என்ற வேகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பழக்கம் காணொளி பார்ப்பதனால் வருவதன்று. மூன்று மணி நேரம் ஓரிடத்தில் எழாமல் அமர்ந்து எழுதிப் பார்ப்பதனாலும், பிறகு ஒருவர் அருகிருந்து தவறுகளை எடுத்துக் காட்டித் திருத்துவதனாலுமே வரும். அவ்வாண்டில் 22 இலட்சத்திற்கு மேற்பட்டோர் தேர்வெழுதி, 12 இலட்சத்திற்கு மேற்பட்டோர் தகுதி பெற்றனர். எம்.பி.பி.எஸ். இடங்களோ நாடு முழுவதிலும் ஒன்றேகால் இலட்சத்தை ஒட்டிய அளவே. தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒரு பெண்ணின் நினைவு வந்தது. எங்கள் தெருவில் தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவரின் மகள் அவள். அரசுப் பள்ளியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவள். முதல் முறை தேர்வில் தகுதி பெற்றும் இடம் கிடைக்கவில்லை. பயிற்சி நிலையத்திற்கு அனுப்பத் தந்தையிடம் பொருளில்லை. இலவசப் பாடங்களை நம்பி வீட்டிலிருந்தே மறுமுறை படித்தாள். வீட்டிலிருந்த கைப்பேசி ஒன்றே. பகலில் அது தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். மாலையில் அது வீடு திரும்பும் வேளையில் தாய்க்கு அவள் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும். தறியின் ஓசை அடங்க இரவு ஒன்பதரை மணியாகும். அதன் பிறகே சிறு திரையில் அவளுக்குப் பாடம். நானூறுக்கும் மேற்பட்ட காணொளிகளைக் குறித்து வைத்திருந்தாள். பெரும்பாலானவை பாதியில் நின்றிருந்தன. ஒரு நாள் அவளிடம், "பழைய வினாத்தாளை நேரம் வைத்து முழுதும் எத்தனை முறை எழுதிப் பார்த்தாய், அம்மா?" என்று கேட்டேன். "ஒரு முறைகூட இல்லை, பெரியப்பா. மூன்று மணி நேரம் எழாமல் உட்கார வீட்டில் ஏது இடம்?" என்றாள்.

இரண்டாம் முறையும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்பொழுது செவிலியர் கல்லூரியில் பயில்கின்றாள். அதுவும் சிறந்த தொண்டே, அவள் மனமொப்பிப் படிக்கின்றாள். ஆனால் அவள் கூறிய விடை என்னை விட்டு அகலவில்லை. அவள் வீட்டிலிருந்து நூறு கெஜ தூரத்தில் நமது சங்கக் கட்டடத்தின் முன்னறை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டு, மறுநாள் காலை பத்து மணி வரை இருளில் கிடந்தது. அதன் சாவி என்னிடமே இருந்தது.

இடமும் நேரமும் ஒரு குறை. வழிகாட்டுவோர் இன்மை மற்றொன்று. என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் தமிழில் இல்லை. தமிழில் பயிலும் மாணவருக்கு மாநிலப் பாடநூலே துணை. ஆனால் இரண்டும் வரிக்கு வரி ஒத்தவையல்ல. 2024ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்ற பாடங்கள் நமது பன்னிரண்டாம் வகுப்பு நூலில் உள்ளவை. குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் அவை இடம்பெறவில்லை. அதற்கு முன் பதிவான காணொளிகளிலோ நீக்கப்பட்ட பகுதிகளும் கலந்திருக்கின்றன. எதைப் படிப்பது, எதை விடுவது என்று சொல்ல ஆளின்றி, வேண்டாத பாடத்தில் வாரங்களைக் கழிக்கும் பிள்ளைகள் பலர்.

மொழியிலும் ஓர் இடர் உண்டு. வினாத்தாள் தமிழிலும் தரப்படுகின்றது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாக வழங்கச் சொன்னதும், பின்னர் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தமிழில் படிக்கும் பிள்ளை, ஒளிச்சேர்க்கை என்றால் போட்டோசிந்தசிஸ், நொதி என்றால் என்சைம், சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மாசிஸ் என இருபத்திக் குறிப்பேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே எழுதிவர வேண்டும். இதற்குக் காசு வேண்டுவதில்லை. சொல்லித் தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. இந்த விஷயத்தில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இலவசம் என்று அழைத்து, இரண்டு பாடம் காட்டி, கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு நாள்தோறும் பேசிப் பெற்றோரைத் தவணைக் கடனில் இழுத்துவிடும் வியாபாரமும் நடக்கின்றது. பாடம் தொடங்கும் முன்பே பெற்றோரின் எண்ணைக் கேட்பவரையும், அச்சமூட்டி அவசரப்படுத்துபவரையும் ஐயுறுவதே அறிவுடைமை. நல்ல இலவசம் எது, தூண்டில் இலவசம் எது என்று தனித்தனியே ஒவ்வொரு குடும்பமும் சூடுபட்டு அறிய வேண்டுமா? ஒரு முறை ஆராய்ந்து, நல்லவற்றின் பட்டியலைச் சங்கச் சுவரில் ஒட்டினால் போதாதா?

இத்தேர்வே வேண்டாம், அதற்கு நாம் ஏன் படிப்பறை திறக்க வேண்டும் என்பாரும் உண்டு. நமது மாநிலத்தில் 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2017 முதல் நீட் தேர்வு வந்தது. நீதியரசர் ஏ. கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை, பணம் கொடுத்துப் பயிற்சி பெறுவோருக்கும் மறுமுறை எழுதுவோருக்கும் இத்தேர்வு சாதகமாக இருப்பதை எடுத்துக்காட்டியது. அதன்பின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அக்குறைகள் மெய்யானவை என்றே நானும் கருதுகின்றேன். ஆனால் வழக்கு முடியும் வரை பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு 2020இல் இயற்றப்பட்ட சட்டம் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியிருக்கின்றது. அந்த இடங்களுக்கு நம் போன்றோர் வீட்டுப் பிள்ளைகளே தம்முள் போட்டியிடுகின்றனர். அங்கே இருபது, முப்பது மதிப்பெண் ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றும்.

நெசவுக்கும் வேளாண்மைக்கும் ஏற்பட்ட சங்கத்திற்குப் படிப்பறை ஏன் என்பாருக்கு ஒன்று நினைவூட்டுவேன். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையே இன்றைய கூட்டுறவு இயக்கத்திற்கு முன்மாதிரி. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் சர்க்கரையும் விற்ற அச்சங்கம், சில ஆண்டுகளிலேயே தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. அங்கத்தினருக்கு வாசகசாலையும் நடத்தியது. செய்தித்தாளும் புத்தகமும் கடையில் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் தனித்தனியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூறிவிடவில்லை.

என் யோசனை பெரிதன்று. முன்னறையை மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்து வைப்போம். நீண்ட மேசை, நல்ல விளக்கு, கணினி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று போதும். பத்துத் தொகுதிகளையும் மாநிலப் பாடநூல்களையும் ஒரு முறை இறக்கிக் கணினியில் சேமித்து வைப்போம். ஒருவர் இறக்கியதை இருபது பேர் படிப்பது கூட்டுறவன்றி வேறென்ன? ஞாயிறுதோறும் காலையில் ஒரு பழைய வினாத்தாளை அச்சிட்டு, மணி அடித்து, மூன்று மணி நேரம் எழுதச் செய்வோம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவரை அணுகி, பிற்பகலில் தவறுகளைத் திருத்தித் தர வேண்டுவோம். அவருக்கு ஒரு சிறு மதிப்பூதியம் அளிப்போம். பெண் பிள்ளைகளை ஒன்பது மணிக்கு வீடு சேர்க்கும் பொறுப்பை அந்தந்தத் தெரு அங்கத்தினர் முறை வைத்து ஏற்கட்டும். தார் சுற்றும் வேலையிலிருந்து அந்த மூன்று மணி நேரம் பிள்ளைகளை விடுவிப்பது பெற்றோர் செலுத்தும் பங்கு.

இதனால் ஆண்டுதோறும் நம் ஊரிலிருந்து மருத்துவர் தோன்றுவார் என்று நான் உறுதி கூறவில்லை. பலருக்கு இடம் கிடைக்காது. எனினும் அதே இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்திற்கும் செவிலியர் படிப்பிற்கும் அடிப்படை. நமது மாநிலத்தில் அவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வழி திறக்கின்றது. படித்தது வீணாகாது.

பெரியவரின் கேள்விக்கு என் விடை இதுவே: பாடம் இலவசம்தான், படிப்பதற்கு வேண்டிய இடமும் நேரமும் துணையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அவற்றைத் தனி ஒரு நெசவாளரோ உழவரோ விலை கொடுத்து வாங்க இயலாது. சேர்ந்தால் நம்மால் தர இயலும். அடுத்த பொதுக்குழுவில் இந்த யோசனை மீண்டும் வரும். முன்னறையின் சாவியை மாலை ஆறு மணிக்குப் பிறகு யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்துகொண்டு கூட்டத்திற்கு வருமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கின்றேன்.