சுழலும் வண்டி, சரியும் மண்

ஸ்டியரிங் இல்லாத வண்டி அது. ஓட்டுபவரின் இரண்டு கைகளுக்கும் இரண்டு நெம்புகோல்கள். இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளினால் நேரே போகும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளினால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். வயிற்றுக்கடியில் சுழலும் கத்திகள், மேலே மெத்தென்ற இருக்கை, பின்னால் எஞ்சின். அமெரிக்கப் புறநகர்களில் சனிக்கிழமைக் காலையின் சத்தம் இதுதான். 'ஜீரோ டர்ன் மோவர்' என்று பெயர். திரும்புவதற்கு இடமே தேவைப்படாத புல்வெட்டும் வண்டி.

இருபது, முப்பது வருடங்கள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ உழைத்துவிட்டுத் திருவனந்தபுரத்தின் ஓரத்தில் ஒரு ஏக்கர் வாங்கி, வீட்டைச் சுற்றிப் புல்வெளி போட்டவருக்கு இந்த வண்டியின்மேல் கண் விழுவது இயற்கை. ஆசை மட்டுமல்ல, கூலிக் கணக்கும் அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022-23ல் கேரள கிராமப்புறத்தில் விவசாயத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி 764 ரூபாய். நாட்டின் சராசரி 346 ரூபாய்கூட இல்லை. அந்தக் கூலிக்கும் கூப்பிட்ட நாளில் ஆள் வருவாரா என்பது வேறு விஷயம். புல் காத்திருக்காது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் கால் வைக்கிறது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் துலாவர்ஷம். வருடத்துக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் புல்லுக்கு உறக்கம் என்பதே இரண்டு மூன்று மாதங்கள்தான்.

எனவே இயந்திரம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எந்த இயந்திரம் என்பதில்தான் சிக்கல். விற்பவர் முதலில் கேட்பது "எத்தனை சென்ட்?" என்று. அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு சரிவு?"

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1830ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் நகரத்துக்கருகே எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியில் துருத்தி நிற்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் பின்னால் நடந்து தள்ளுபவை, அல்லது டிராக்டர்போல முன்சக்கரத்தைத் திருப்பி ஓட்டுபவை. ஜீரோ டர்ன் இந்த வம்சத்தில் சேராதது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனியே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மோட்டார். முன்னால் இருப்பவை நாற்காலிக்குப் போடும் சக்கரம் மாதிரி தாமாகவே எந்தப் பக்கமும் திரும்புபவை. அவற்றுக்கு வழிகாட்டும் வேலை கிடையாது. ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாமே அந்த இரண்டு பின்சக்கரங்களின் பொறுப்பு. அவை மண்ணைப் பிடித்திருக்கும்வரை இதைப்போல் சொன்னபடி கேட்கும் வண்டி வேறில்லை. சரிவில், ஈரப் புல்லில் அவை வழுக்கத் தொடங்கினால் ஓட்டுபவர் கையில் மிஞ்சுவது இரண்டு கம்பிகள் மட்டுமே. திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. முந்நூறு கிலோவைத் தாண்டும் எடை, எங்கே பள்ளமோ அங்கே போகும்.

தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதில்லை. பெரும்பாலான கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை உண்டு. சிலவற்றில் அதற்கும் குறைவு. டிகிரி என்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. கொத்தனாரின் ரசமட்டத்தையும் பத்தடி நீள ரீப்பர் கட்டையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் போதும். கட்டையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் சமமாகும்வரை மறுமுனையைத் தூக்கிப் பிடித்து, அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டேமுக்கால் அடி வந்தால் 15 டிகிரி. இது உலர்ந்த தரைக்கான வரம்பு. ஜூலை மாதத்துத் திருவனந்தபுரத்தில் உலர்ந்த தரையை எங்கே தேடுவது?

நகரத்தின் நில அமைப்பு இதற்கு எதிராகவே இருக்கிறது. கடலை ஒட்டிய சங்குமுகம், வேளி பக்கம் சமமான மணற்பூமி. அங்கிருந்து கிழக்கே நகர நகர மேடும் பள்ளமும்தான். நகரின் புகழ்பெற்ற புல்வெளிகளில் ஒன்றான கனகக்குன்னு, பெயரிலேயே குன்றை வைத்திருக்கிறது. பேரூர்க்கடை, வட்டியூர்க்காவு தாண்டி நெடுமங்காட்டை நோக்கிப் போனால் சரிவில்லாத மனையே அபூர்வம். வீடு கட்டுபவர்கள் சரிவை வெட்டித் தட்டுத்தட்டாக்கி, விளிம்பில் வெட்டுக்கல் மதில் எழுப்பி, உள்ளே செம்மண்ணைக் கொட்டி நிரப்புகிறார்கள். மேலே பார்த்தால் பாய் விரித்தாற்போன்ற சமதளம். ஆபத்து அந்த விளிம்பில். கொட்டிய மண் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி மண் இளகியிருந்தால் கனமான வண்டியின் ஒரு சக்கரம் போதும். மதில், குளம், கிணறு, பள்ளம் எதுவானாலும் வண்டியின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் விட்டே ஓட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த ஓரத்தை வெட்ட எப்படியும் இன்னொரு கருவி வேண்டும்.

மழை இந்த ஊரில் புல்வெளியை என்ன பாடுபடுத்தும் என்பதற்குக் கிரிக்கெட் ரசிகர்களே சாட்சி. 1984 அக்டோபர் முதல் தேதி பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த இந்தியா-ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம் மழையால் முடிவில்லாமல் நின்றது. முப்பத்துமூன்று வருடம் கழித்து, 2017 நவம்பர் 7ல் காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தின் முதல் சர்வதேச ஆட்டமும் மழையில் மாட்டி, தலைக்கு எட்டு ஓவர் என்று சுருங்கியது. நியூஸிலாந்தை இந்தியா ஆறு ரன்னில் வென்றது. அன்று ஆட்டம் நடந்ததே வடிகால் வசதியும் மைதான ஊழியர்களும் இருந்ததால். வீட்டுத் தோட்டத்தில் இரண்டுமே கிடையாது. நனைந்த மண்ணில் கனமான வண்டி நின்ற இடத்தில் சுழன்றால், சக்கரத்தடியில் இருக்கும் புல் வேரோடு திருகிக்கொண்டு வரும். எதற்காக வண்டி வாங்கப்பட்டதோ அந்தச் சாகசமே புல்வெளியில் வட்ட வட்டமாய்ச் சொட்டை விழ வைக்கும்.

அடுத்தது தென்னை. மரங்களைச் சுற்றி வளைந்து வெட்டத்தான் ஜீரோ டர்ன் என்பார்கள், உண்மைதான். ஆனால் கேரளத் தென்னைக்கு மழை தொடங்கும் சமயத்தில் ஆறடி ஆரத்தில் தடம் வெட்டி உரமிடும் வழக்கம் இருக்கிறது. தாமாகத் திரும்பும் அந்தச் சின்ன முன்சக்கரம் தடத்தில் இறங்கினால் கத்தியிருக்கும் தட்டு மண்ணில் மோதும். விழுந்த மட்டை, குரும்பை, தேங்காய் ஓடு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கத்தி நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் விதித்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு சுமார் 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் எங்கே போய் நிற்கும் என்று ஜன்னல் கண்ணாடிக்குத்தான் தெரியும். (தலையில் தேங்காய் விழும் அபாயத்தைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் மௌனம் சாதிக்கின்றன.)

சரி, சரிவில்லை, தடமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 42 அங்குல அகலம் வெட்டும் வண்டி நிதானமாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரும்புவதற்கும் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்கும் கொஞ்சம் கழித்தாலும், ஒரு ஏக்கரை, அதாவது நூறு சென்டை, ஒரு மணி நேரத்தில் முடிக்கும். 18 அங்குல அகலமுள்ள, பின்னால் நடந்து தள்ளும் பெட்ரோல் மோவருக்கு அதே ஏக்கருக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் பெரிய வீடு என்று ஊரில் பெயரெடுத்த இடங்களிலும் வீடு, கார் நிற்கும் இடம், மரங்கள் போக வெறும் புல் இருபது சென்ட் தேறினால் அதிகம். இருபது சென்டை நடந்து வெட்ட முக்கால் மணி நேரம். உட்கார்ந்து வெட்டினால் பன்னிரண்டு நிமிடம். மிச்சமாகும் அரைமணி நேரத்துக்காகச் சில லட்சங்களைக் கொட்டி, அதை நிறுத்த ஒரு ஷெட்டும் கட்டுவதா என்பதை வீட்டில் மற்றவர்களிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

அரை ஏக்கருக்குக் குறைந்த புல்வெளிக்கு, அதிலும் லேசான சரிவிருந்தால், பின்சக்கரம் தானே உருளும் நடை மோவர்தான் பொருத்தம். தள்ளும் சிரமம் இல்லை. கைப்பிடியை விட்டால் கத்தி நின்றுவிடும். மூன்று விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் சட்டமே இருக்கிறது. வாங்கும் இயந்திரத்தில் அந்தத் தடுப்பு உண்டா என்று கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். சரிவில் குறுக்காக நடந்து வெட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. மதிலோரத்துக்கும் செங்குத்தான இடங்களுக்கும் கேரளத்தில் மூலைக்கு மூலை சத்தம் போடும் பிரஷ் கட்டர், கத்திக்குப் பதில் நைலான் நூல் மாட்டியது. கண்ணாடியும் காலுக்கு நீண்ட பூட்ஸும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. முழுப் புல்வெளியையும் அதிலேயே வெட்டினால் கட்டணம் மிச்சம், ஆனால் புல்வெளி அரைகுறையாய் முடிவெட்டிய தலைபோல் நிற்கும்.

ஏக்கருக்கு மேல் உண்மையிலேயே சமமான புல் இருப்பவருக்கு ஜீரோ டர்ன் வீண் செலவல்ல. அவர் பார்க்க வேண்டியது குதிரைசக்தியை அல்ல. தலைக்குமேல் வளைந்த இரும்புக் கம்பி, கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காமல் காப்பது, இருக்கிறதா? கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். கத்தித் தட்டு தடித்த தகட்டை வெல்ட் செய்ததா, மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தியதா? ஈரப் புல் ஒட்டிக்கொண்டு கடற்காற்றும் சேர்ந்தால் மெல்லிய தகடு எத்தனை மழைக்காலம் தாங்கும்? வண்டியின் அகலம் கொல்லைப்புறக் கேட்டுக்குள் நுழையுமா? வேடிக்கையான கேள்வி, ஆனால் வண்டி வந்திறங்கிய பிறகு கேட்டால் வேடிக்கையாக இருக்காது. கத்தி இரண்டு செட், பெல்ட் ஒன்று கூடவே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். இறக்குமதி வண்டிக்கு ஒரு பெல்ட் கப்பலில் வருவதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிடும்.

பெட்ரோல் விஷயமும் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025க்குள் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கச் சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறது. இந்த எஞ்சின் எதைத் தாங்கும் என்பதை விற்பவரிடம் எழுதி வாங்குவது நல்லது. புல் வளராத மாதங்களில் டேங்க்கைக் காலி செய்து வைக்க வேண்டும்.

பேரனை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரும் தாத்தாவின் சித்திரம் எல்லோருக்கும் பிடித்தது. ஸ்கூட்டரின் முன்னால் குழந்தையை நிறுத்திப் பழகிய நாட்டில் இதை யாரும் தவறாகவும் நினைப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இதை ஒரேயடியாக வேண்டாம் என்கிறது. வண்டி எகிறினால் குழந்தை விழுவது கத்திக்குப் பக்கத்தில். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மோவரையும், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நடை மோவரையும் தொடக்கூடாது என்பது அவர்கள் அறிவுரை. வண்டி ஓடும்போது குழந்தைகள் தோட்டத்திலேயே இருக்கக்கூடாது. பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை வாங்குபவர் முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர்கள் பொதுவாக ஷோரூம் வாசலில், சிமெண்ட் தரையில், வண்டியைச் சுழற்றிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஜனவரியில் அல்ல, ஜூன் கடைசியில், முந்தின இரவு மழை பெய்த ஒரு காலையில். தோட்டத்தின் மிகச் சரிவான மூலையைக் காட்டி, விற்பவரையே முதலில் ஏறி ஓட்டச் சொல்லலாம். அவர் தயங்கினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நடை மோவரின் விலையைக் கேட்கலாம்.